ஹியூடாக்: தீர்ப்புகளுக்குள் சங்கத்தின் பெயரைத் தேடிய கதை

ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்புகளை இலவசமாகப் படிக்கத் தரும் தேடுதளம்தான் ஹியூடாக். கணக்கு தொடங்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், திறந்து தேட வேண்டியதுதான். எங்கள் தொழிற்சங்கப் பயிற்சி வகுப்பில் ஒரு தோழர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றதால், ஒரு மாதமாகத் தினமும் இரவில் இந்தத் தளத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டது இதுதான்: "சங்கம் தன் சொந்தப் பெயரிலேயே சர்வதேச மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போக முடியுமா, இல்லை, பாதிக்கப்பட்ட உறுப்பினர் யாரையாவது முன்னால் நிறுத்தித்தான் போக வேண்டுமா?"

பதில் கிடைத்தது. ஹியூடாக் இல்லாமல் கிடைத்திருக்காது. அதனால் ஐந்துக்கு நாலு மதிப்பெண். ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதைச் சொல்வதற்கு முன், இந்தக் கேள்வி எங்கே தொடங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் இந்தத் தளத்தைத் திறந்தால் காட்டில் விட்ட மாதிரி இருக்கும்.

இந்த நீதிமன்றம் வழக்குகளை அளந்து பார்ப்பது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை வைத்து. அதில் இரண்டு பிரிவுகளைப் பிடித்துக்கொண்டால் போதும். பிரிவு 11 சங்கம் சேரும் உரிமை, அதில் தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் உள்ள உரிமை பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. பிரிவு 34 யார் மனு போடலாம் என்பது: எந்த நபரும் போடலாம், அரசு சாரா அமைப்பும் போடலாம், தனிமனிதர்கள் குழுவாகச் சேர்ந்தும் போடலாம். தொழிற்சங்கம் இதில் அரசு சாரா அமைப்பு என்ற கணக்கில் உள்ளே வருகிறது. ஆனால் அதே வாக்கியத்தில் ஒரு நிபந்தனையும் உண்டு. மனு போடுபவர் தானே பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். அதாவது சங்கத்துக்கே அடி விழுந்திருந்தால் சங்கம் போகலாம். உறுப்பினருக்கு மட்டும் விழுந்த அடிக்குச் சங்கம் தன்னைப் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லிக்கொண்டு போக முடியாது, உறுப்பினர்தான் போக வேண்டும், சங்கம் அவருக்கு வக்கீல் வைத்துத் துணை நிற்கலாம். லோகஸ் ஸ்டாண்டி என்று வக்கீல்கள் சொல்லும் வழக்காடும் தகுதி முழுவதும் இந்த ஒரு கோட்டைச் சுற்றித்தான் ஓடுகிறது.

இப்போது தளத்துக்கு வருகிறேன். இடது பக்கம் வடிகட்டிகள் வரிசையாக இருக்கும்: எந்த நாடு, எந்தப் பிரிவு, மீறல் உண்டா இல்லையா, எவ்வளவு முக்கியமான வழக்கு, எந்த ஆண்டு. பிரிவு 11 என்று வைத்து, குறிச்சொற்களில் தொழிற்சங்கம் சம்பந்தப்பட்டதைத் தேர்ந்தெடுத்தால் படிக்கத் தகுந்த பட்டியல் ஒன்று கிடைக்கிறது. பிரிவு 34-க்கும் 'பாதிக்கப்பட்டவர்', 'லோகஸ் ஸ்டாண்டி' என்று தனித்தனிக் குறிச்சொற்கள் இருக்கின்றன. சட்டம் படிக்காத எனக்கே இது இரண்டாவது நாளில் பிடிபட்டுவிட்டது.

எனக்குத் தடையாக இருந்தது வேறு விஷயம். மனுதாரர் தனிமனிதரா, அமைப்பா என்று பிரித்துக் காட்டும் வடிகட்டி கிடையாது. நான் தேடியதே அதுதான்! சரி, வழக்கின் தலைப்பில் 'தொழிற்சங்கம்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தேடலாம் என்றால், பல சங்கங்களின் பெயர் அந்தந்த நாட்டு மொழியிலேயே தலைப்பில் இருக்கிறது. துருக்கிச் சங்கங்கள் 'சென்', 'இஷ்' என்று வரும், ருமேனியச் சங்கம் 'சிந்திகாத்துல்' என்று வரும். டூம் ஹபேர் சென், எனெர்ஜி யாபி யோல் சென், டெக் கிடா இஷ் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அந்த நோட்டு இல்லாமல் இந்தத் தேடல் நடக்காது, நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மிக முக்கியமான ஒன்று, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தளம் திறந்தவுடன் தீர்ப்புகளை மட்டும்தான் காட்டும். 'முடிவுகள்' (டெசிஷன்ஸ்) என்று ஒரு தனிப் பெட்டி இருக்கிறது, அதை நாமே டிக் செய்ய வேண்டும். மனு வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட கதைகள் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன, 2002-இல் யூனிசன் என்ற பிரிட்டன் சங்கத்தின் வேலைநிறுத்த மனு நிராகரிக்கப்பட்டது போல. தகுதி பற்றிய சண்டை நடப்பதே வாசலில்தானே, அதைத் தேடுகிறவர் அந்தப் பெட்டியை விட்டால் பாதிப் படம் போய்விடும்.

இனி, உள்ளே என்ன கிடைக்கிறது என்பது. பழையதிலிருந்து படித்தால் நல்லது. 1975 அக்டோபர் 27-இல் பெல்ஜியப் போலீஸ் தேசிய சங்கத்தின் தீர்ப்பு, 1976 பிப்ரவரி 6-இல் ஸ்வீடன் ரயில் எஞ்சின் ஓட்டுநர் சங்கத்தின் தீர்ப்பு. இரண்டிலும் சங்கமே மனுதாரர், இரண்டிலும் சங்கம் தோற்றது. பெல்ஜியத்தில் அரசு தங்களிடம் கலந்து பேசவில்லை என்பது புகார், ஸ்வீடனில் தங்களோடு கூட்டு ஒப்பந்தம் போட மறுக்கிறார்கள் என்பது புகார். சங்கத்தின் குரல் கேட்கப்பட வேண்டும் என்பது வரை நீதிமன்றம் வந்தது, எந்த வழியில் கேட்பது என்பதை அரசிடமே விட்டுவிட்டது. எனக்கு இந்த இரண்டு தீர்ப்புகளும் பிடித்தன, தோற்றவை என்றாலும். சங்கம் யாருடைய நிழலிலும் ஒளியாமல் தன் பெயரில் நின்று பேசியதும், நீதிமன்றம் அதை உட்கார வைத்துக் கேட்டதும் அப்போதே நடந்திருக்கிறது.

அடுத்து 2002 ஜூலை 2, வில்சனும் தேசியப் பத்திரிகையாளர் சங்கமும் பிறரும் ஐக்கிய ராச்சியத்துக்கு எதிராக நடத்திய வழக்கு. ஒரு பத்திரிகை நிறுவனம் சங்கத்தோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டு, சங்கத்தின் பிரதிநிதித்துவத்தை விட்டுக்கொடுத்துத் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் 4.5 சதவீதம் சம்பள உயர்வு கொடுத்தது. பிரிட்டன் சட்டம் இதை அனுமதித்தது. தகுதி பற்றிய கேள்விக்கு இதில் ஒரு வரி இருக்கிறது, அந்த வரிக்காகவே முழுத் தீர்ப்பையும் படிக்கலாம்: மீறப்பட்டது தொழிலாளர்களின் உரிமை மட்டும் என்று நிறுத்தாமல், மனுதாரர்களான சங்கங்களின் உரிமையும் மீறப்பட்டது என்று நீதிமன்றம் சேர்த்தே சொன்னது. ஆசை காட்டி ஆள் பிரிக்கும்போது பிரிந்து போனவருக்கும் நஷ்டம், பிரியாமல் நின்றவருக்கும் நஷ்டம், சங்கத்துக்கும் தனியாக ஒரு நஷ்டம். சங்க வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான், ஆனால் தீர்ப்பின் மொழியில் அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சங்கத்துக்கு மட்டுமே உரிய உரிமை ஒன்று உண்டா என்று கேட்பவர்களுக்கு 2007 பிப்ரவரி 27-இன் ஆஸ்லெஃப் வழக்கைக் காட்டுவேன். ஆஸ்லெஃப் என்பது பிரிட்டன் ரயில் எஞ்சின் ஓட்டுநர்கள் சங்கம். தீவிர வலதுசாரிக் கட்சி ஒன்றில் இருந்த உறுப்பினரை அது வெளியேற்றியது, உள்நாட்டுச் சட்டமோ அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்று முடிவு செய்வது சங்கத்தின் உரிமை என்று ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்பளித்தது. இங்கே உறுப்பினர் யாரும் மனுதாரர் இல்லை, சங்கம் தனியே நின்று வென்றது.

இப்போது டெமிர், பாய்காரா எதிர் துருக்கி. 2008 நவம்பர் 12, கிராண்ட் சேம்பர், அதாவது நீதிமன்றத்தின் பெரிய அமர்வு. ஹியூடாக்கில் இந்தத் தலைப்பைப் பார்க்கிறவருக்கு இரண்டு ஆட்கள் போட்ட வழக்கு என்றுதான் தோன்றும், சங்கத்தின் பெயரே தலைப்பில் கிடையாது. நானும் முதல் வாரம் தாண்டிப் போய்விட்டேன். உண்மையில் அது டூம் பெல் சென் என்ற நகராட்சி ஊழியர் சங்கத்தின் வழக்கு, பாய்காரா அதன் தலைவர், டெமிர் உறுப்பினர். 1993-இல் காசியான்டெப் நகராட்சியோடு சங்கம் ஒரு கூட்டு ஒப்பந்தம் போட்டது. நகராட்சி அதை நிறைவேற்றாததால் சங்கம் உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போய் வென்றது. மேல் நீதிமன்றம் அதைப் புரட்டியது, அரசு ஊழியர் சங்கத்துக்குக் கூட்டு ஒப்பந்தம் போடும் சட்டத் தகுதியே கிடையாது என்று. அதோடு விடவில்லை, ஒப்பந்தத்தின்படி கூடுதலாக வாங்கிய பணத்தை ஊழியர்கள் திருப்பிக் கட்டவும் நேர்ந்தது. கையில் வாங்கிச் செலவழித்த சம்பளத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வது என்றால் என்ன என்பதை நினைத்துப் பாருங்கள்.

கூட்டுப் பேர உரிமை, அதாவது சங்கம் வேலை கொடுப்பவரோடு பேசி ஒப்பந்தம் போடும் உரிமை, பிரிவு 11-இன் அடிப்படைக் கூறுகளில் ஒன்றாகிவிட்டது என்று கிராண்ட் சேம்பர் ஒருமனதாகச் சொன்னது, 1976-இல் எடுத்த தன் சொந்த நிலைப்பாட்டைத் தானே திருத்திக்கொண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் 98-ஆம் உடன்படிக்கையையும் மற்ற சர்வதேச விதிகளையும் அது எடுத்துப் படித்த விதம் தனியாகவே பாடமாக வைக்க வேண்டியது. கடைசிப் பக்கத்தில் இழப்பீட்டுப் பகுதியைப் பாருங்கள்: டெமிருக்கு 500 யூரோ, சங்கத்தின் பிரதிநிதியான பாய்காரா வழியாகச் சங்கத்துக்கு 20,000 யூரோ. தலைப்பில் இல்லாத சங்கம் அங்கேதான் வெளியே தெரிகிறது. மனுதாரர் வகையைக் காட்டும் வடிகட்டி இருந்திருந்தால்கூட இதைப் பிடித்திருக்காது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன், தலைப்பைத் தாண்டி உள்ளே போய்ப் படிப்பதைத் தவிர வழியில்லை.

கலைக்கப்பட்ட சங்கம் என்ன செய்யும் என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கு டூம் ஹபேர் சென், 2006 பிப்ரவரி 21. உறுப்பினர்கள் அரசு ஊழியர்கள் என்ற ஒரே காரணத்துக்காகக் கலைக்கப்பட்ட சங்கமும் அதன் தலைவரும் சேர்ந்து போய் வென்ற வழக்கு. செத்துப்போன சங்கம் எப்படி வழக்குப் போடும் என்று அரசு கேட்க இடம் கொடுத்தால், கலைப்பதே தப்பிக்கும் வழியாகிவிடும் அல்லவா.

தகுதி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஜெனிவா உதாரணம். ஜெனிவா தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு, சி.ஜி.ஏ.எஸ்., கொரோனா காலத்தில் 2020 மே 1 பேரணி நடத்த முடியாமல் போனதற்காக சுவிட்சர்லாந்துக்கு எதிராகப் போனது. 2022 மார்ச் 15-இல் சேம்பர், அதாவது சிறிய அமர்வு, அதைப் பாதிக்கப்பட்டவர் என்று ஏற்று, நான்குக்கு மூன்று என்ற கணக்கில் மீறல் உண்டு என்றது. 2023 நவம்பர் 27-இல் கிராண்ட் சேம்பர், உள்நாட்டில் இருந்த வழிகளை முழுதாகப் பயன்படுத்தவில்லை என்று சொல்லி, பன்னிரண்டுக்கு ஐந்து என்ற கணக்கில் மனுவையே ஏற்கவில்லை. அனுமதி விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது, உள்ளூர் நீதிமன்றத்துக்கே போகாதது, இதெல்லாம் அன்றைக்கு நடைமுறைக்கு ஏற்ற முடிவாகத்தான் தெரிந்திருக்கும். எனக்கு மாறுபட்ட ஐந்து நீதிபதிகளின் பக்கம்தான் மனம் போகிறது, மே தினம் கடந்து போன பிறகு கிடைக்கும் உத்தரவை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஹியூடாக் இங்கே நன்றாகக் கைகொடுக்கிறது, சேம்பர் தீர்ப்பு, கிராண்ட் சேம்பர் தீர்ப்பு, மாறுபட்ட கருத்துகள், சுருக்கங்கள் எல்லாம் கிடைப்பதால் அடுத்தடுத்து வைத்துப் படிக்கலாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2014-இல் பிரிட்டனின் ஆர்.எம்.டி. சங்கம் ஆதரவு வேலைநிறுத்தத் தடைக்கு (வேறு நிறுவனத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக வேலையை நிறுத்துவதற்கான தடைக்கு) எதிராகப் போய்த் தோற்றது. 2021-இல் நார்வேயின் எல்.ஓ. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு துறைமுகப் புறக்கணிப்பு வழக்கில் தோற்றது. 2023-இல் ஜெர்மன் ஆசிரியர்களின் வேலைநிறுத்த உரிமை வழக்கு தோற்றது, அதில் மனுதாரர்கள் தனிமனிதர்கள். வாசல் திறந்திருக்கிறது, வேலைநிறுத்தம் என்று வந்தால் நீதிமன்றம் கையை இறுக்கிக்கொள்கிறது, இதைத்தான் நான் இந்தப் பட்டியலில் பார்க்கிறேன். 2024 ஏப்ரல் 9-இல் சுவிஸ் மூத்த பெண்களின் காலநிலை வழக்கில், சங்கம் தானே பாதிக்கப்படாவிட்டாலும் உறுப்பினர்களுக்காக வரலாம் என்று கிராண்ட் சேம்பர் ஏற்றதைப் பார்த்துத் தொழிற்சங்கத்தாரும் உற்சாகப்பட்டிருப்பார்கள். ஆனால் அது காலநிலைக்கு மட்டும் என்று தீர்ப்பே வேலி போட்டிருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, கோஸ்டாரிக்காவின் சான் ஹோசேயில் இருக்கும் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றத்தின் தளத்தையும் பயன்படுத்தினேன். தேடுவது ஹியூடாக் அளவுக்கு எளிது இல்லை, ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கு நன்றாக இருக்கும். ஆனால் எங்கள் தோழரின் கேள்விக்கு ஒரே ஆவணத்தில் நேரடியான பதில் அங்கேதான் இருந்தது: பனாமா கேட்டதற்காக 2016 பிப்ரவரி 26-இல் கொடுத்த ஓசி-22 என்ற ஆலோசனைக் கருத்து. அமெரிக்க நாடுகளின் மனித உரிமை உடன்படிக்கையில் 'நபர்' என்றால் மனிதர் என்று எழுதியிருப்பதால் கம்பெனி போன்ற அமைப்புகளுக்கு அதில் உரிமை கிடையாது என்று சொன்ன நீதிமன்றம், தொழிற்சங்கங்கள், அவற்றின் கூட்டமைப்புகள், பேரமைப்புகள் ஆகியவற்றை மட்டும் விலக்கி எடுத்தது. அந்த உடன்படிக்கையோடு சேர்ந்த துணை ஒப்பந்தமான சான் சால்வதோர் நெறிமுறையின் பிரிவு 8.1.அ தொழிற்சங்கங்களுக்கே உரிமை கொடுப்பதால், அவை தங்கள் உரிமைக்காகத் தாங்களே வரலாம் என்றது. அந்த நெறிமுறையை ஏற்ற நாடுகளுக்கு எதிராக மட்டும்தான், அதுவும் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்தின் வழியாகத்தான், ஏனென்றால் நீதிமன்றத்துக்கு நேரடியாக வழக்கைக் கொண்டுபோக ஆணையத்துக்கும் அரசுகளுக்கும் மட்டுமே முடியும். இந்தக் கருத்துக்கு முந்தைய 2001-இன் பயெனா ரிகார்தோ தீர்ப்பையும் அங்கே படியுங்கள், 1990 டிசம்பரில் பனாமாவில் போராட்டத்துக்குப் பிறகு வேலை போன 270 தொழிலாளர்கள், சட்டத்தை முன்தேதியிட்டு அமல்படுத்தி நீக்கியிருந்தார்கள். அங்கே வென்றவர்கள் அந்த 270 பேர், சங்கங்கள் அல்ல.

ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் தான்சானியாவின் அருஷாவில் இருக்கிறது. அங்கே நேரடியாகப் போக ஆப்பிரிக்க ஆணையத்தில் பார்வையாளர் அந்தஸ்து பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும், அப்படி நேராக வருவதை ஏற்கிறோம் என்று சம்பந்தப்பட்ட நாடும் தனி அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். ருவாண்டா, தான்சானியா, பெனின், ஐவரி கோஸ்ட் என்று அறிவிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்ட நாடுகள் இருப்பதால் வாசல் குறுகிக்கொண்டே வந்திருக்கிறது.

ஹியூடாக்குக்கு ஒரு தம்பி இருக்கிறான், ஹியூடாக் ஈ.எஸ்.சி., வேலை, சமூகப் பாதுகாப்பு போன்ற உரிமைகளைச் சொல்லும் ஐரோப்பிய சமூக சாசனத்துக்கானது. அங்கே கூட்டுப் புகார்கள் இருக்கின்றன. தீர்ப்பு சொல்வது நீதிமன்றம் இல்லை, ஒரு குழு. ஆனால் பாதிக்கப்பட்டவர் என்று காட்ட வேண்டாம், உள்நாட்டு நீதிமன்றங்களை முடித்துவிட்டு வர வேண்டாம், அந்த முறையை ஏற்ற நாட்டின் பிரதிநிதித்துவம் உள்ள சங்கம் நேராகவே போடலாம். 1998 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் இந்த வழியைப் பற்றி எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

குறைத்த ஒரு மதிப்பெண்ணுக்கு வருகிறேன். வடிகட்டியைச் சொல்லிவிட்டேன். இன்னொன்று மொழி: தீர்ப்புகள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்கும், சில ஒரே மொழியில்தான். எனெர்ஜி யாபி யோல் சென் போன்ற முக்கியமான வேலைநிறுத்தத் தீர்ப்பை பிரெஞ்சிலிருந்து தட்டுத் தடுமாறித்தான் படித்தேன். 'மொழி வடிவங்கள்' என்ற தாவலைத் திறந்து பார்த்தால் சில வழக்குகளுக்குப் பல மொழிகளில் மொழிபெயர்ப்பு கிடைக்கும், அதை மறக்காமல் பாருங்கள்.

தேடல் முடிந்ததும் நீதிமன்றத்தின் தளத்திலிருந்து மனுப் படிவத்தையும் இறக்கிப் பார்த்தேன். படிவத்தில் ஏ.1 தனிமனிதருக்கு, ஏ.2 அமைப்புக்கு. அமைப்பு என்றால் டி.1-இல் அதன் பொறுப்பாளர் விவரமும் கேட்கிறார்கள். கட்டணம் இல்லை. கடைசி உள்நாட்டு முடிவுக்குப் பிறகு நான்கு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும், 2022 பிப்ரவரிக்கு முன் அது ஆறு மாதம், பழைய கையேடுகளை வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த வகுப்பில் அந்தப் படிவத்தையும், டெமிர் தீர்ப்பின் 145 முதல் 154 வரையிலான பத்திகளையும் அச்செடுத்துக் கொண்டுபோனேன். கேள்வி கேட்ட தோழர் டி.1 பக்கத்தில் விரலை வைத்து, "இங்கே தலைவர் கையெழுத்தா, செயலாளர் கையெழுத்தா?" என்றார். சங்க விதிகள் யாருக்கு அதிகாரம் கொடுத்திருக்கின்றனவோ அவர், அதற்கான ஆவணத்தையும் கூடவே இணைக்க வேண்டும் என்றேன். அன்று மாலையே சங்க விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம்.